நோட்டில் இருந்த மூன்று குறிகள்: ஒரு நாகசுரத் தொகுப்புக்கு அனுமதி அமைத்த கதை

ஐயா என்னிடம் முதலில் எடுத்துக் கொடுத்தது கேசட்டுகளை அல்ல, ஒரு நீளக் கணக்கு நோட்டை. 1976 முதல் 1998 வரை கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் அவர் தம் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்து பதிவு செய்த நாகசுரக் கச்சேரிகள் மொத்தம் 412 கேசட்டுகள். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி இருந்தது: எண், தேதி, ஊர், நாகசுரம், தவில், வாசித்த ராகங்கள். வரியின் கடைசியில் சிவப்பு மையில் ஒரு குறி. சிலவற்றுக்கு வட்டம், சிலவற்றுக்குக் 'கு', சிலவற்றுக்கு 'வீ'.

"வட்டம் என்றால் யார் கேட்டாலும் கொடுக்கலாம் என்று வாசித்தவரே சொன்னது. 'கு' அவர்கள் குடும்பத்துக்கு மட்டும். 'வீ' இந்த வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. மைக்கை வைப்பதற்கு முன்பே கேட்டுவிடுவேன் தம்பி. கேட்காமல் ஒரு நாளும் பொத்தானை அழுத்தியதில்லை" என்றார்.

கணினியில் பயனர் அனுமதி என்று நான் பல வருடங்களாகச் செய்துவரும் வேலையை அவர் சிவப்பு மைப் பேனாவால் 22 வருடம் செய்திருக்கிறார். என் வேலை அந்தக் குறிகளைக் கணினிக்கும் புரியவைப்பது மட்டும்தான் என்று அன்றே முடிவு செய்துகொண்டேன். புதிதாக எந்த விதியையும் நானாக உண்டாக்கக் கூடாது.

குறிகளை எண்ணிப் பார்த்தோம். வட்டம் 238, 'கு' 74, 'வீ' 39. மீதி 61 கேசட்டுகளுக்குக் குறியே இல்லை. கேட்க மறந்ததா, கேட்டும் பதில் வரவில்லையா என்று அவருக்கே நினைவில்லை. குறி இல்லாதது எல்லாம் பூட்டியே இருக்கும் என்று சொன்னேன். அவரும் அதையேதான் நினைத்திருந்தார். சட்டமும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் வந்த திருத்தம், மேடையில் வாசிப்பவருக்கு அந்த வாசிப்பின்மீது தனி உரிமை கொடுத்தது. அதன் காலம் முதலில் 25 ஆண்டு. 1999இல் 50 ஆண்டாக நீட்டினார்கள். ஐயாவுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. வாக்குக் கொடுத்தோம் என்பது தெரியும். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

கேசட்டுகளை மாற்றிய கதை தனி. இங்கே அனுமதிக்கு வேண்டிய அளவு மட்டும் சொல்கிறேன். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், இரண்டு தடங்களாக எடுத்தால் நொடிக்கு 2,88,000 பைட் ஆகிறது. 90 நிமிடக் கேசட் ஒன்று 1.5 ஜிபிக்குக் கொஞ்சம் மேலே. மொத்தம் 640 ஜிபியை ஒட்டி வந்தது. இந்த வேவ் கோப்புகளை 'மூலம்' என்ற அடைவில் வைத்தேன். அவற்றிலிருந்து தரம் குறையாத ஃபிளாக் நகல்கள் எடுத்து, ராகம், ஊர், வாசித்தவர் பெயர் எல்லாம் குறிச்சொற்களாக ஏற்றி, 'கேட்பு' என்ற அடைவில் வைத்தேன். இப்படி இரண்டாகப் பிரித்ததற்குக் காரணம் இடமோ வடிவமோ அல்ல. மூலத்தை ஒருவரும் தொடக் கூடாது. கேட்பு நகலைச் சிலர் திருத்தத்தான் வேண்டும். இந்த இரண்டு தேவைகளும் ஒரே கோப்பில் இருந்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுத்துவிடும்.

இயந்திரம் ஒரு பழைய மேசைக் கணினி. டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டிருந்தேன். இசைக்கு நவிட்ரோம்: கணினியில் இருக்கும் பாட்டுகளை மற்றவர்கள் இணையம் வழியாகக் கேட்க வைக்கும் நிரல். எடை குறைந்த மென்பொருள், பழைய கணினியிலும் மூச்சு வாங்காமல் ஓடும். பாட்டுக் கோப்புகளை அது படிக்க மட்டுமே செய்யும், அவற்றில் எதையும் எழுதாது. அதனால் அதற்கு எழுதும் உரிமை கொடுக்கவே தேவையில்லை. தேவையில்லாததைக் கொடுக்கவும் இல்லை.

மூலம் அடைவை ரூட், அதாவது எல்லா உரிமையும் உள்ள லினக்ஸ் நிர்வாகி, பெயரில் வைத்து, கோப்புகளுக்கு 640, அடைவுகளுக்கு 750 என்று வைத்தேன். அறியாதவர்களுக்காக: படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்று இலக்கங்களும் முறையே உரிமையாளர், குழு, மற்றவர்கள். 640 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், குழு படிக்க மட்டும், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. அதற்கு மேல் கோப்பின் தன்மையை மாற்றும் சேட்டர் கட்டளையால் மூலக் கோப்புகளுக்கு மாறாத் தன்மையும் கொடுத்தேன். இது ஈஎக்ஸ்டி4 என்ற முறையில் அமைத்த வட்டில் நன்றாக வேலை செய்யும். ரூட்டாக வந்து அந்தத் தன்மையை நீக்கும்வரை யாராலும் அந்தக் கோப்பை அழிக்கவோ பெயர் மாற்றவோ முடியாது. தூக்கக் கலக்கத்தில் நானே தவறாக ஒரு கட்டளை அடித்தாலும் தாங்கும்.

முதல் தடுமாற்றம் கேட்பு அடைவில் வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே அடியாக 640 என்று, உள்ளடைவுகளுக்கும் சேர்த்துச் அனுமதி எண்ணை மாற்றும் சிஎச்மாட் கட்டளையை ஓட்டிவிட்டேன். அன்று மாலையே ஐயா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, பட்டியல் எல்லாம் வருகிறது. எதைத் தொட்டாலும் வாசிக்க மாட்டேன் என்கிறது."

விஷயம் இதுதான். கோப்புக்கு 'இயக்கு' என்ற 1 வேண்டாம்; பாட்டை யாரும் நிரலாக ஓட்டப் போவதில்லை. ஆனால் அடைவுக்கு அதே 1க்கு வேறு பொருள்: உள்ளே நுழையலாம். அதை எடுத்துவிட்டால், கதவுக்கு வெளியே நின்று உள்ளே இருப்பவர்களின் பெயர்களைப் படிக்கலாம், ஒருவரையும் பார்க்க முடியாது. நவிட்ரோம் தன் தரவுத்தளத்தில் பட்டியலை முன்பே எழுதி வைத்திருந்ததால் பெயர்கள் தெரிந்தன. கோப்பைத் திறக்கப் போனபோது கதவு சாத்தியிருந்தது. சரிசெய்ய எண் முறையை விட்டு எழுத்து முறைக்குப் போனேன். அதில் பெரிய எக்ஸ் என்று ஒன்று உண்டு. அது அடைவுகளுக்கும், முன்பே இயக்க உரிமை உள்ள கோப்புகளுக்கும் மட்டும் அந்த 1ஐக் கொடுக்கும், மற்றவற்றைத் தொடாது. ஒரு வரியில் முடிந்தது. அன்றிலிருந்து உள்ளடைவுகளோடு சேர்த்து எண் போடுவதை அறவே விட்டுவிட்டேன்.

இரண்டாவது தொல்லை இதைவிட நுட்பமானது. ராகப் பெயர்களைச் சரிபார்க்க இசைக் கல்லூரி மாணவிகள் இருவர் வந்தார்கள். 'கரகரப்பிரியா', 'கரஹரப்ரியா' என்று ஒரே ராகத்துக்கு நான்கு எழுத்துமுறைகள் இருந்தால் தேடும்போது கால்வாசிதான் அகப்படும். ஆகவே இது கேட்பவர்கள் எல்லாரும் கைவைக்கக் கூடிய வேலை அல்ல. காது தெரிந்த இருவர், ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு செய்ய வேண்டியது. இருவரையும் 'திருத்துநர்' என்ற குழுவில் சேர்த்தேன். (குழுப் பெயர்களைக் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் வைத்திருக்கிறேன், இங்கே தமிழில் எழுதுகிறேன்.) ஒருவர் சேர்த்த கோப்பை மற்றவரால் திருத்த முடியவில்லை. லினக்ஸில் புதிய கோப்பு பிறக்கும்போது, உண்டாக்கியவரின் சொந்தக் குழுவே அதற்கும் வரும். பொதுவான குழு வர வேண்டுமென்றால் அடைவுக்குச் செட்ஜிஐடி என்ற குறியைக் கொடுக்க வேண்டும். 770 என்பதன் முன்னால் ஒரு 2, அதாவது 2770. அதன்பிறகு அந்த அடைவில் பிறக்கும் எதற்கும் அடைவின் குழுவே வரும். கூடவே, புதிய கோப்பில் எந்த உரிமைகளைக் கழிப்பது என்று சொல்லும் யூமாஸ்க் மதிப்பையும் அவர்கள் இருவருக்கும் 0022இலிருந்து 0002க்கு மாற்றினேன். இல்லாவிட்டால் குழு சரியாக வந்தும் எழுதும் உரிமை வராது.

நவிட்ரோம் எந்த லினக்ஸ் பயனரின் பெயரில் ஓடுகிறதோ அந்தப் பயனர் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது, ஆனால் படிக்க வேண்டும். ஒரு கோப்புக்கு ஒரு குழுதான் என்பதால் இங்கே தனி ஒரு பயனருக்கென்று அனுமதி எழுதும் செட்எஃப்ஏசிஎல் கட்டளையால் கூடுதலாக ஒரு வரி எழுதினேன்: நவிட்ரோமுக்குப் படிப்பு மட்டும். அதையே அடைவின் இயல்பு அனுமதியாகவும் வைத்தேன், புதிதாக வருவதற்கும் பொருந்தட்டும் என்று.

அப்படியும் சில பாட்டுகள் தொகுப்பில் வராமல் அடம்பிடித்தன. அரை நாள் தேடினேன். மாணவிகளில் ஒருவர் தம் சொந்த அடைவில் வைத்துத் திருத்திவிட்டுக் கோப்பைக் கேட்பு அடைவுக்கு நகர்த்தியிருந்தார். ஒரே வட்டுக்குள் நகர்த்தினால் கோப்பு புதிதாகப் பிறப்பதில்லை. பழைய குழுவையும் பழைய அனுமதியையும் சுமந்துகொண்டே வந்து உட்காரும். நகலெடுத்தால் மட்டுமே புதுப்பிறவி, புது அடைவின் குணம். "நகர்த்தாதீர்கள், நகலெடுத்துவிட்டுப் பழையதை அழியுங்கள்" என்று பெரிய எழுத்தில் எழுதி மேசைமேல் ஒட்டினேன். சந்தேகம் வந்தால் அனுமதிகளைக் காட்டும் கெட்எஃப்ஏசிஎல் கட்டளையை அடித்துப் பார்த்துவிடுவது இப்போது எங்கள் மூவருக்கும் பழக்கம்.

இனி கேட்பவர்கள் பக்கம். நவிட்ரோமில் முதலில் உண்டாக்கும் கணக்கே நிர்வாகி. மற்றவர்கள் சாதாரணப் பயனர்கள். எந்தப் பயனர் எந்தத் தொகுப்பைக் கேட்கலாம் என்று பிரிக்கும் வசதி 2025இல் வந்த 0.58 பதிப்பில்தான் கிடைத்தது. அதற்கு முன்பு இப்படிப் பிரிக்க வேண்டுமானால் நவிட்ரோமையே தனித்தனி நகல்களாக, கணினியின் வெவ்வேறு போர்ட்டில் (இணைப்பு வாசலில்) ஓட்ட வேண்டும். நான் புதிய முறையில் 'பொது' என்று ஒரு தொகுப்பு, ஒன்பது வித்வான்களின் குடும்பங்களுக்கு ஒன்பது தொகுப்புகள், 'வீடு' ஒன்று என்று பதினொன்று அமைத்தேன். புதிய பயனருக்குத் தானாகக் கிடைக்கும் என்ற குறியீடு பொதுத் தொகுப்புக்கு மட்டும். பகிர்வு இணைப்பு வசதி இயல்பாகவே அணைந்திருக்கும், அப்படியே விட்டேன். பதிவிறக்கம் இயல்பாகத் திறந்திருக்கும்; அதை அணைத்தேன். ஆளுக்கு ஆள் பதிவிறக்க உரிமை பிரிக்க இதில் வழியில்லை. இதே வகை மென்பொருளான ஜெல்லிஃபின் அதைச் செய்யும், ஆனால் எனக்கு அந்த வசதி அவ்வளவு முக்கியமாகத் தெரியவில்லை. கேட்கக் கொடுத்த பிறகு பதிவு செய்வதைத் தடுக்கும் பூட்டு உலகத்தில் இல்லை. குடும்பத்துக்கு நகல் வேண்டுமென்றால் ஐயா பென் டிரைவில் போட்டு நேரில் கொடுக்கிறார்.

எல்லாம் நன்றாக நடப்பதாக நினைத்துக்கொண்டிருந்தபோது 187 வந்தது.

187ஆம் எண் கேசட்டின் முதல் பக்கம் ஒரு மாசி மகப் புறப்பாடு. கம்பீர நாட்டையில் மல்லாரி, வெட்டவெளியின் காற்றோசை, நடுவே ஒரு வெடிச் சத்தம், அதைக் கேட்டு யாரோ குழந்தை அழும் குரல். கேட்கக் கேட்க அந்தத் தெருவில் நிற்பது போலிருக்கும். நோட்டில் அதற்கு வட்டம். இரண்டாம் பக்கம் அதே இரவு சத்திரத்துத் திண்ணையில் எடுத்தது. வித்வான் நாகசுரத்தை உறையில் போட்டுவிட்டு, வாயால் பாடியே தம் 11 வயது மகனுக்கு ஒரு தோடி வர்ணம் சொல்லிக்கொடுக்கிறார். பையன் ஒரே இடத்தில் மூன்று முறை தடுக்கி விழுகிறான். நான்காவது முறை அப்பாவிடமிருந்து கடுமையான ஒரு சொல். பிறகு நீண்ட மௌனம். பிறகு பையன் தனியாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, அந்த இடத்தைச் சரியாகப் பாடுகிறான்.

நோட்டில் 187ஆம் வரியின் ஓரத்தில், கோட்டுக்கு வெளியே, பொடி எழுத்தில் 'பி: வீ' என்று இருந்தது, அதாவது பி பக்கம், இரண்டாம் பக்கம், வீட்டுக்கு மட்டும். நான் விரிதாளில் கேசட்டுக்கு ஒரு வரி, குறிக்கு ஒரு கட்டம் என்று வைத்திருந்தேன். கடைசியில் இருந்த வட்டத்தை ஏற்றினேன். ஓரத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் பொதுவில் போய்விட்டன.

மதுரையிலிருந்து ஒரு பழைய ரசிகர் ஐயாவை அழைத்து, அந்தத் தோடியைக் கேட்டு இரவெல்லாம் தூங்கவில்லை என்று உருகியிருக்கிறார். ஐயா என்னை அழைத்தபோது திட்டவில்லை. "நான் அந்த மனுஷனுக்கு வாக்குக் கொடுத்தேனே தம்பி" என்று மட்டும் சொன்னார்.

பத்து நிமிடத்தில் கோப்பை எடுத்தேன். நவிட்ரோமுக்கு முன்னால் நின்று இணையத்திலிருந்து வருபவர்களை உள்ளே அனுப்பும் காடி சேவையகத்தின் பதிவேட்டைப் புரட்டியதில் அந்தத் தடத்தை நான்கு கணக்குகள் திறந்திருந்தன. நான்கு பேரையும் ஐயாவே அழைத்து, கைவசம் நகல் இருந்தால் அழித்துவிடும்படி கேட்டுக்கொண்டார். அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல். அவரையும் அழைத்து நடந்ததைச் சொன்னார். அப்படி ஒரு பதிவு இருப்பதே அவருக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார், கூடத்தில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார், கடைசியில் "இங்கேயே இருக்கட்டும்" என்றார். நகல் கேட்கவில்லை.

அந்த வாரம் அமைப்பைப் பிரித்துக் கட்டினேன். விரிதாளில் இப்போது கேசட்டுக்கு ஒரு வரி கிடையாது. உருப்படிக்கு ஒரு வரி. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி. 'வீ' முழுவதும் இணையத்துக்கு முகம் காட்டும் நவிட்ரோமிலிருந்து வெளியேறிவிட்டது. வீட்டு வலையமைப்பின் முகவரியில் மட்டும் காது கொடுக்கும் இரண்டாவது நவிட்ரோம் ஒன்று, வேறொரு லினக்ஸ் பயனரின் பெயரில் ஓடுகிறது. 'வீ' அடைவைப் படிக்கும் உரிமை அந்தப் பயனருக்கு மட்டும். ஆகவே நாளைக்கு நிர்வாகப் பக்கத்தில் நான் தவறான கட்டத்தில் குறி போட்டாலும், வெளி நவிட்ரோம் அந்த அடைவின் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போகும். மென்பொருளின் அனுமதி ஒரு பூட்டு, இயங்குதளத்தின் அனுமதி இன்னொரு பூட்டு. இரண்டின் சாவியும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்பதை நான் முன்பே செய்திருக்க வேண்டும். கோப்பைத் தவறான அடைவில் வைக்கும் பிழையை மட்டும் இந்தப் பூட்டுகளால் பிடிக்க முடியாது. அதற்காக, பொது அடைவுக்குப் போகும் ஒவ்வொரு உருப்படியையும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஐயா வாசிக்க நான் சரிபார்க்கிறேன். மெதுவான வேலைதான். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சோதனை முறையையும் மாற்றினேன். நிர்வாகிக் கணக்குக்கு எல்லாத் தொகுப்பும் தெரியும் என்பதால் அதிலிருந்து பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு சோதனைக் கணக்கு வைத்திருக்கிறேன். மாற்றம் எதுவாக இருந்தாலும் அந்தக் கணக்கில் நுழைந்து, தெரியக் கூடாதது தெரிகிறதா என்று முதலில் தேடுகிறேன். தெரிய வேண்டியது தெரிகிறதா என்பது பிறகுதான். நான் தினமும் கேட்பதும் சாதாரணக் கணக்கில்தான்.

கடவுச்சொல் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கைப்பேசிச் செயலிகள் பேசும் சப்சோனிக் முறையில், கடவுச்சொல்லோடு ஒரு தற்செயல் எழுத்துச்சரத்தைச் சேர்த்து எம்டி5 என்ற சுருக்கக் குறியீட்டைக் கணக்கிட்டு அனுப்புவார்கள். அதைச் சரிபார்க்கச் சேவையகத்துக்கு அசல் கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டும். நவிட்ரோம் அதை மறையாக்கம் செய்துதான் வைக்கிறது. அந்த மறையாக்கத்துக்கு நம் சொந்தச் சாவியைக் கொடுக்கலாம். ஒருமுறை கொடுத்தால் பிறகு மாற்ற முடியாது. நான் கொடுத்தேன், ஒரு தாளில் எழுதி நோட்டின் அட்டைக்குள் வைத்தேன். எப்படியும், வங்கிக்கு வைத்த கடவுச்சொல்லை இதற்கு வைக்க வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுகிறேன்.

ஒருவர் கணக்கைப் பலர் பயன்படுத்துவதும் நடந்தது. எந்தக் கணக்கிலிருந்து எந்தச் செயலி கடைசியாக எப்போது வந்தது என்று நவிட்ரோமின் பட்டியல் காட்டும். ஒரு பெரியவரின் கணக்கில் மூன்று செயலிகள் இருந்தன. விசாரித்தால், தவில் படிக்கும் பேரனுக்குக் கடவுச்சொல்லைக் கொடுத்திருக்கிறார். அந்தக் கணக்கைப் பூட்டுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. பேரனுக்குத் தனிக் கணக்கு போட்டுக் கொடுத்து, பெரியவரின் கடவுச்சொல்லை மாற்றினோம். அந்தப் பையன் இப்போது வாரத்துக்கு ஒரு கச்சேரி கேட்டு, நோட்டில் விட்டுப்போன தவில்காரர்களின் பெயர்களைத் தன் ஆசிரியரிடம் கேட்டு எழுதி அனுப்புகிறான். திருத்தும் உரிமை இன்னும் கொடுக்கவில்லை. கேட்டால் கொடுப்பேன்.

குறியில்லாத 61இல் இதுவரை 17க்கு விடை கிடைத்திருக்கிறது: ஒன்பதுக்கு வட்டம், ஆறுக்குக் 'கு', இரண்டுக்கு 'வீ'. வாசித்தவர் இல்லையென்றால் மகனையோ மகளையோ சீடரையோ தேடி ஐயா தொலைபேசியில் பேசுகிறார். யாரோடு எந்தத் தேதியில் பேசினார் என்பது நோட்டில் ஏறுகிறது. விரிதாளில் அதற்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்.

போன வாரம் 203க்குப் பதில் வந்தது. தொலைபேசியை வைத்துவிட்டு ஐயா சிவப்புப் பேனாவைத் தேடினார். மை காய்ந்திருந்தது. மருமகள் கடைக்குப் போய் வேறொன்று வாங்கி வரும்வரை இருவரும் காத்திருந்தோம். அவர் வட்டத்தைப் போட்டுத் தேதி எழுதிய பிறகு, 203ஐப் பொது அடைவுக்கு நகலெடுத்தேன். கெட்எஃப்ஏசிஎல் அடித்துப் பார்த்தேன். குழு சரி, நவிட்ரோமுக்குப் படிப்பு மட்டும். சோதனைக் கணக்கில் நுழைந்து தட்டினேன். ஷண்முகப்பிரியா ஆலாபனை, தவில் இன்னும் சேரவில்லை. ஐயா நோட்டை மூடாமல் மடியில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.